பல்லேகலையில் ஒரு செவி

பலாப்பழத்தை விரலால் தட்டி, எழும் ஒலிகொண்டு அதன் பக்குவம் அறிவது கண்டி மலைநாட்டார் நன்கறிந்த கலை. பூமியையோ பிளந்து பார்க்கவும் இயலாது. தட்டிப் பார்க்கவும் இயலாது. ஆயினும் பெருநிலநடுக்கம் ஒவ்வொன்றும் அதனைத் தட்டுகின்றது. அவ்வதிர்வைக் கேட்கும் செவியொன்று நம் நகருக்கு அண்மையில், பல்லேகலையில், 2000ஆம் ஆண்டளவில் அமைந்தது.

உலகளாவிய வலையமைப்பொன்றைச் சேர்ந்தது அந்நிலையம். 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, முதலலை சில நிமிடங்களில் அங்கே பதிவாயிற்று. பின்வந்த அலைகள் இலங்கை நிலத்தை 9 சென்ரிமீற்றரளவு ஏற்றியிறக்கின. மெல்லென அசைந்தமையால் பெரும்பாலோர் உணர்ந்திலர். ஆழிப்பேரலை கீழைக்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. சேதி வந்தது, அதனைக் கரைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு அந்நாளில் இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அத்தகைய அலைகளே ஆழத்துச் செய்தியையும் சுமந்து வருவன. குளிர்ந்த பாறையில் அலை விரைந்தோடும். வெப்பமிகுந்த பாறையில் தளர்ந்து நடக்கும். வரவேண்டிய அலை சில விநாடி தாழ்த்து வருமாயின், வழியில் எங்கோ அனல் உண்டென ஐயுறலாம். ஒரு பதிவு போதாது. பல திசைகளினின்றும் பல நிலையங்களுக்கு வந்த அலைகளின் தாமதங்களைச் சேர்த்துக் கணித்தால், வைத்தியசாலையில் உள்ளுறுப்புகளைப் படம்பிடிப்பதுபோலப் பூமியின் உட்படமும் புலனாகும். கடல் பரந்த நம் பகுதியில் இத்தகைய செவிகள் அரியன. ஆதலின் ஒவ்வொன்றும் பெறுமதி மிக்கது.

நமக்குத் தென்மேற்கே ரியூனியன் என்னும் எரிமலைத்தீவு உண்டு. தமிழ்வழி வந்தோரும் அங்கு வாழ்கின்றனர். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலம் அத்தீவின் அடியிலுள்ள அனலின் மேலாக நகர்ந்தபோதுதான் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரந்தது. மாலைதீவின் பவளத்துக்கு அடியிலுள்ள எரிமலைப்பாறையும் அவ்வனலின் சுவடே.

இதனைக் குறிக்க ஆங்கிலத்தார் இறகுக்கும் புகைக்கற்றைக்கும் பொதுவான சொல்லொன்றை வழங்குவர். இறகெனப் பெயர்த்தால் நகைப்புக்கே இடமாகும். அனற்றூண் என்பது தகும். ஏறுவது உருகிய குழம்பன்று; திடநிலையிலேயே மெல்ல மெல்ல ஊர்ந்தேறும் சுடுபாறை.

2012, 2013ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர் ரியூனியனைச் சூழ்ந்த கடலடியில் 57 நிலநடுக்கக் கருவிகளை இறக்கிச் செவிமடுத்தனர். 2021இல் வெளிவந்த முடிவு வியப்பூட்டியது. நேர்நின்ற தூண் அங்கில்லை. தென்னாபிரிக்காவின் அடியில், ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில், பூமிக் கருவின் விளிம்பில் வேரூன்றிய அடிமரம் ஒன்று; அதன் கிளைகளுள் ஒன்று ரியூனியனையும் மற்றொன்று கிழக்காபிரிக்காவையும் நோக்கிச் சாய்ந்தெழுகின்றது. அனற்றூண் என்ற சொல்லும் இனிப் பொருந்துமோ? மாணாக்கர் அனன்மரம் என்றே எழுதலாம்.