கட்டைக் கப்பல்களும் கடற் கப்பல்களும்



சென்ற கோடை விடுமுறையில் என் பேரனும் அவனுடைய பள்ளித் தோழர் மூவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடற்போர் நடத்தினார்கள். தரையெங்கும் சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டங்கள். தீப்பெட்டிகள் காவற் கப்பல்கள். தச்சரிடம் கேட்டு வாங்கிய மரத்துண்டுகள் வணிகக் கப்பல்கள். புளியங்கொட்டைகள் ஜெர்மானிய நீர்மூழ்கிகள். இரண்டாம் உலக யுத்தத்தில், 1939 முதல் 1945 வரை, அட்லாண்டிக் மாகடலில் நடந்த நெடும் போராட்டத்தை அவர்கள் விளையாட்டாக்கியிருந்தார்கள். மூன்று நாள் உற்சாகமாக நடந்தது. நான்காம் நாள் சலிப்புத் தட்டிற்று. யார் ஆடினாலும் ஆட்டம் ஒரே மாதிரி முடிந்தது.

"தாத்தா, நீங்கள் சரித்திரம் கற்பித்தவர்தாமே! எங்கே பிழை என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான் பேரன்.

பிழை எங்கே என்பது பார்த்தவுடனே தெரிந்தது. காவற் கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் வேகம், ஆயுதம், வலிமை எல்லாம் கணக்கிட்டு எழுதியிருந்த அப்பிள்ளைகள், வணிகக் கப்பல்களுக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் ஒரே கட்டை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய எம்டன் கப்பலை நாம் மறக்கவில்லை. சாமர்த்தியக்காரனை இன்றும் 'அவன் ஓர் எம்டன்' என்கிறோம். அந்த எம்டன் அதே மாதத்தில் வங்காள விரிகுடாவில் மூழ்கடித்த வணிகக் கப்பல்களின் பெயரில் ஒன்றேனும் நமக்குத் தெரியுமா? இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமாட் என்று அவற்றுக்கும் பெயர்கள் உண்டு. டிப்ளமாட் தேயிலை ஏற்றிச் சென்றது. அடித்தவன் பெயர் நிற்கிறது. அடிபட்டவன் பெயர் போய்விடுகிறது.

ஒரு நாளில் முடியும் வேலை என்று எண்ணித்தான் தொடங்கினேன். இரண்டு மாதங்கள் ஆயின.

முதலில் என்னை இடறிவிட்டது 'டன்' என்ற சொல். ஒரு புத்தகத்தில் ஒரு கப்பல் ஏழாயிரம் டன் என்றிருக்கும். வேறொன்றில் அதே கப்பல் பத்தாயிரம் டன் என்றிருக்கும். அச்சுப் பிழை என்று எண்ணி இரண்டு நாள் வீணாக்கினேன். உண்மையில் அவை வெவ்வேறு டன்கள். வணிகக் கப்பலின் மொத்தப் பதிவு டன் என்பது எடையே அன்று, இட அளவு. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் எவ்வளவு என்று அளந்து, நூறு கன அடிக்கு ஒரு டன் என்று கணக்கிடுவார்கள். மதுப் பீப்பாய்கள் எத்தனை ஏற்றலாம் என்று எண்ணிய பழங்காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. சரக்கு, எரிபொருள், உணவு, மனிதர் எல்லாம் சேர்த்துக் கப்பல் எவ்வளவு எடை சுமக்கும் என்பது இரண்டாவது அளவு. மிதக்கும்போது அது ஒதுக்கித் தள்ளும் நீரின் எடை மூன்றாவது. போர்க்கப்பல்களுக்குச் சொல்லப்படுவது இந்த மூன்றாவது அளவே.

அமெரிக்கா 1941 முதல் 1945 வரை 2,710 கட்டிய 'லிபர்ட்டி' வகைக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் முதலாவதான பாட்ரிக் ஹென்றி, பால்டிமோர் நகரில் 1941 செப்டம்பர் 27-இல் நீரில் இறக்கப்பட்டது. இவ்வகைக் கப்பலின் பதிவு டன் ஏழாயிரத்துக்குச் சற்று மேல். சுமக்கும் எடை பத்தாயிரத்துக்கு மேல். ஒதுக்கும் நீர் பதினாலாயிரத்துக்கு மேல். மூன்றும் உண்மை. என் பேரனோ, 925 டன் என்று குறிக்கப்பட்ட கார்வெட் என்னும் சிறு காவற் கப்பலையும், நாலாயிரம் பதிவு டன் சரக்குக் கப்பலையும் ஒரே தராசில் வைத்து, இது அதில் நான்கில் ஒரு பங்கு என்று முடிவு கட்டியிருந்தான். கத்தரிக்காயைப் படியாலும் அரிசியைத் தராசாலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்பது போன்றது இது.

அடுத்து, கப்பல்களை அடையாளம் காணுதல். இதற்குத் தலையாய துணை, லண்டனிலிருந்து வெளிவந்த லாயிட்ஸ் பதிவேடு. 1764-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய ஏடு இது. கப்பலின் பெயர், கட்டிய ஆண்டு, கட்டிய இடம், டன், நீளம், இயந்திரம், உரிமையாளர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. யுத்தகாலப் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். இன்று கணினி வழியே யாவரும் பார்க்கலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள் உண்டு. ஒரே கப்பலுக்கு இரண்டு மூன்று பெயர்களும் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் யுத்தத்தின்போது வாங்கியவற்றுக்கும் கைப்பற்றியவற்றுக்கும் 'எம்பயர்' என்ற முன்னொட்டுக் கொடுத்தது. 'எம்பயர் மினிவர்' என்று கண்டபோது புதுக் கப்பல் என்று எழுதிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது 1918-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட 'வெஸ்ட் கோபால்ட்' என்னும் பழங்கப்பல் என்பது. இருபத்திரண்டு வயதுக் கப்பலுக்குப் புதுக் கப்பலின் வேகத்தைக் கொடுத்திருப்பேன்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு பயணத்தைப் பின்தொடர்ந்தால் விஷயம் விளங்கும் என்று எண்ணி, எஸ்.சி. 7 என்னும் கப்பற்கூட்டத்தைத் தேர்ந்தேன். இத்தகைய கூட்டத்துக்குக் கான்வாய் என்று பெயர். கனடாவின் கிழக்குக் கரையில் கேப் பிரெட்டன் தீவிலுள்ள சிட்னித் துறைமுகத்திலிருந்து, 1940 அக்டோபர் 5-ஆம் நாள் 35 கப்பல்கள் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டன. ஆஸ்திரேலியாவின் சிட்னி வேறு, குழம்ப வேண்டாம். கூட்டத்தின் வேகம் எட்டு நாட் என்று ஏட்டில் இருந்தது. மணிக்கு ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட். ஆகவே எட்டு நாட் என்பது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. நம் ஊரில் அவசரமாகச் சைக்கிள் மிதிப்பவன் இவர்களை முந்திவிடுவான். அதுவும் ஏட்டு வேகந்தான். கிழக் கப்பல்கள் பல அதற்கும் பின்தங்கின. பெருங்கடலுக்கென்று கட்டப்படாத, ஏரிகளில் ஓடிய சிறு கப்பல்கள்கூட அக்கூட்டத்தில் இருந்தன. அவற்றுள் ஒன்றான டிரெவிசா பின்தங்கித் தனித்துப்போய், முதலில் பலியாயிற்று. பெருங்கடலைக் கடக்கும் வழியில் பெரும்பகுதிக்கும் இவ்வளவு கப்பல்களுக்கும் சேர்த்துக் காவல் ஒன்றே ஒன்று, ஸ்கார்பரோ என்னும் சிறு போர்க்கப்பல். இங்கிலாந்தை நெருங்கிய பின்னரே வேறு காவற் கப்பல்கள் வந்து சேர்ந்தன. அக்டோபர் 18 இரவில் நீர்மூழ்கிகள் கூட்டமாகச் சேர்ந்து தாக்கின. முடிவில், புறப்பட்ட 35-இல் 20 கப்பல்கள் மூழ்கின.

ஏன் இப்படி ஆயிற்று? இங்கேதான் பிள்ளைகளின் ஆட்ட விதி அடியோடு மாற வேண்டியிருந்தது. நீர்மூழ்கி என்றால் நீருக்குள்ளேயே திரிவது என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். அக்காலத்து நீர்மூழ்கி, நீருக்குள் ஏழு நாட் வேகத்தில் சிறிது நேரமே செல்லும், மின்கலம் தீர்ந்துவிடும். நீரின் மேலேயோ 17 நாட். காவல் காத்த கார்வெட்டின் வேகம் 16. கள்ளன் காவற்காரனைவிட ஒரு நாட் அதிகம் ஓடுகிறான்! நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்டறியும் ஆஸ்டிக் என்னும் கருவி, மேலே மிதக்கும் நீர்மூழ்கியைக் கண்டுகொள்ளாது. ஆகவே இரவில், மேல்மட்டத்திலே, கப்பல் வரிசைகளின் நடுவிலேயே புகுந்து டார்ப்பிடோ எய்தார்கள். கிரெச்மர் என்னும் தளபதி இதில் பேர்போனவர்.

இனிச் சரக்கு. பிள்ளைகள் இதை நினைத்தே பார்க்கவில்லை. எஸ்.சி. 7-இல் இரும்புத்தாது ஏற்றிய கப்பல்களும் மரம் ஏற்றிய கப்பல்களும் கலந்து வந்தன. இரும்புத்தாது மிகக் கனமாகையால் அறையின் அடியில் சிறிதளவு இடத்தையே அடைக்கும், மேலே வெற்றிடம். கப்பலில் ஓட்டை விழுந்தால் அந்த வெற்றிடமெல்லாம் நீர் நிறைந்து, படகு இறக்கக்கூட நேரமின்றிக் கப்பல் அமிழ்ந்துவிடும். கிரீக்கர்க் என்ற தாதுக் கப்பலில் ஒருவர்கூடத் தப்பவில்லை. மரம் ஏற்றிய பிளேர்ஸ்பே என்ற கப்பலையோ இரண்டு நீர்மூழ்கிகள் அடுத்தடுத்துத் தாக்கியும் அது மூழ்கவில்லை. மரமே அதைத் தாங்கிற்று. துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். ஒரே பருமனுள்ள இரண்டு கட்டைகளின் விதி, உள்ளே இருப்பதைப் பொறுத்து இப்படி மாறுகிறது.

ஆதலால் புள்ளிக் கணக்கை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஜெர்மானியத் தளபதி டோனிட்சின் நோக்கம், எதிரிகள் கட்டுவதைவிட வேகமாகக் கப்பல்களை அழிப்பது. எனவே ஜெர்மன் பக்கத்துக்குப் பதிவு டன்னே புள்ளி. பிரிட்டனுக்கோ, துறைமுகம் சேர்ந்த கோதுமையும் எண்ணெயும் இரும்பும் புள்ளி. ஒருவன் பெற்றதும் மற்றவன் இழந்ததும் சமமல்ல என்று ஆனவுடன் ஆட்டத்துக்கு உயிர் வந்தது.

இதே அட்லாண்டிக் போருக்காக இதே போன்ற விளையாட்டை யுத்தகாலத்திலேயே பெரியவர்கள் ஆடியிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. லிவர்ப்பூல் நகரில் டெர்பி இல்லம் என்னும் கட்டடத்தில், 1942 தொடக்கத்தில், கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவர் தலைமையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. காசநோய் காரணமாகக் கடற்படையிலிருந்து முன்னரே விலக்கப்பட்டிருந்தவர் அவர். கூடத்தின் தரையே கடல். சுற்றிலும் திரைகள். காவற் கப்பல் தலைவர்களாக ஆடுவோர் திரையிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகவே பார்க்க வேண்டும். உண்மைக் கடலில் அவருக்குத் தெரிவது எவ்வளவோ அவ்வளவே இங்கும் தெரியும். கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள் தரையில் தவழ்ந்து, சுண்ணக்கட்டியால் கப்பல்களின் வழியை வரைவார்கள். தாக்கப்பட்ட கான்வாய்களின் அறிக்கைகளை இவ்வாறு மீண்டும் ஆடிப் பார்த்தே, நீர்மூழ்கி பின்புறமாக நுழைந்து கூட்டத்தின் நடுவிலிருந்து அடிக்கிறது என்பதை நிறுவினார்கள். அதற்கு மாற்று முறையும் கண்டார்கள். அம்முறைக்கு 'ராஸ்ப்பெரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்னும் பெண். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கித் தலைவராக இருந்து புகழ்பெற்ற மாக்ஸ் ஹார்ட்டன், நீர்மூழ்கியின் பக்கம் ஆடி, ஜானெட் ஒக்கெல் என்ற இளம் பெண்ணிடம் தோற்றார். அங்கே பயின்ற அதிகாரிகள் சுமார் 5,000 பேர். இதைக் கேட்ட மறுநாள் என் வேட்டிகள் இரண்டு கூடத்தில் திரைகளாகத் தொங்கின.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கான்வாய் பெரிதாக இருந்தால் ஆபத்து அதிகமா, குறைவா? சிறிய கூட்டமே நல்லது என்றுதான் பலரும் நெடுநாள் எண்ணினார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பாட்ரிக் பிளாக்கெட்டும் அவர் துணைவர்களும் கணக்கிட்டு, பெரிய கூட்டமே நல்லது என்றார்கள். எளிமையாகப் பாருங்கள். நாற்பது கப்பல்கள் இரண்டு மைல் ஆரமுள்ள வட்டத்தில் செல்வதாகவும், காவற் கப்பல்கள் மூன்று மைல் வெளியே சுற்றுவதாகவும் கொள்வோம். காவல் வட்டத்தின் ஆரம் 5, சுற்றளவு 31.4 மைல். இனிக் கப்பல்களை எண்பதாக்குங்கள். பரப்பு இரட்டிக்கும், ஆரம் 2.83 ஆகும். காவல் வட்டத்தின் ஆரம் 5.83, சுற்றளவு 36.6 மைல். கப்பல்கள் இரு மடங்கு. காக்க வேண்டிய வேலியோ ஆறில் ஒரு பங்குதான் கூடிற்று! 1943 முதல் கூட்டங்கள் பெரிதாயின. 1944-இல் சென்ற எச்.எக்ஸ். 300 என்ற கான்வாயில் 160-க்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. வடிவகணிதம் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் கேட்ட மாணவர்களுக்கு இந்த விடையை அன்றே சொல்ல எனக்குத் தெரியாமற்போயிற்று.

இனி, கப்பலுக்குள் இருந்தவர்கள். யுத்தம் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். லஸ்கர் என்று அவர்களை அழைத்தார்கள். பெரும்பாலும் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலை, தளத்து வேலை, சமையல். ஆங்கிலேய மாலுமியின் ஊதியத்தில் சிறு பங்கே அவர்களுக்கு. 1939-இல் வேலைநிறுத்தம் செய்துதான் சற்றுக் கூட்டிப் பெற்றார்கள். 1940 செப்டம்பர் 17-இல் மூழ்கடிக்கப்பட்ட 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்ற கப்பலில், பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் இருந்தார்கள். 77 பேர் இறந்தார்கள். உலகம் அக்குழந்தைகளுக்காக அழுதது, அழ வேண்டியதுதான். அக்கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் பெருந்தொகையினர் மாண்டனர் என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன். முப்பது ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன் சொல்கிறேன். லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உயிர் நீத்த இந்தியக் கப்பலோட்டிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களோ, மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்துள்ள ஏடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன.

இதை நான் சொன்ன பிறகு, யாரும் ஏவாமலே, பிள்ளைகள் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கப்பலிலிருந்த ஆட்களின் எண்ணிக்கையை எழுதத் தொடங்கினார்கள். அதிலிருந்து புதிய தகராறு ஒன்று பிறந்தது. கப்பல் மூழ்கினால் நீரில் தத்தளிப்பவர்களை யார் எடுப்பது? எஸ்.சி. 7-இல் புளூபெல் என்ற கார்வெட் இருநூறு பேருக்கு மேல் காப்பாற்றியது. ஆனால் அது நின்று ஆட்களை ஏற்றிய நேரமெல்லாம் கான்வாய்க்கு ஒரு காவல் குறைந்தது. 1941 முதல் இதற்கென்றே மீட்புக் கப்பல்கள் கான்வாய்களின் பின்னே சென்றன. அவை யுத்தம் முடியுமுன் 4,194 உயிர்களை மீட்டன. ஆனால் பிள்ளைகளின் ஆட்டம் நடப்பது 1940-இல். அப்போது மீட்புக் கப்பல் கிடையாது.

நிற்கும் தீப்பெட்டிக்கு இரண்டு முறை ஆட்டம் இல்லை என்று என் பேரன் ஒரு விதி எழுதினான். புளியங்கொட்டைகளை ஆடும் பையன், "நின்றிருக்கும்போது நான் அடிக்கமாட்டேன்" என்றான். "உண்மையில் அடித்திருப்பார்களே, ஐயா?" என்று மற்றொருவன் என்னைக் கேட்டான். நான் விடை சொல்லுமுன் நால்வரும் தங்களுக்குள் வாதிடத் தொடங்கிவிட்டார்கள். அந்த விதி மட்டும் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.