கத்திக்கு உகந்த பிடி எது?

சந்தையில் அரிவாள் வாங்கும் விவசாயியைக் கவனித்துப் பாருங்கள். அலகை நகத்தால் சுண்டி அதன் ஓசையைக் கேட்பார். கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்ப்பார். எடையைக் கையால் நிதானிப்பார். பிடியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் கேட்கமாட்டார். ஆயினும் பொழுது முழுவதும் அவருடைய கை தொட்டுக்கொண்டிருக்கப் போவது அந்தப் பிடியைத்தான். அலகு மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம்; பிடி வழுக்கினால் வெட்டுப்படுவது கை. கரும்பு வெட்டுவோருக்கும் வாழைத்தார் அறுப்போருக்கும் ஒரு காயம் என்றால் பல நாட் கூலி போயிற்று. நெசவாளரின் விரலில் சிறு கீறல் விழுந்தாலும் அறுந்த இழையைப் பிணைப்பது எங்ஙனம்? ஆகையால் பிடியைத் தேர்ந்தெடுப்பது நம் அங்கத்தினர்கள் அனைவரும் கருத்தூன்ற வேண்டிய காரியமாகும்.

பெருமைக்குரிய பொருள்கள்

முற்காலத்தில் செல்வர்கள் தந்தத்திலும் மான் கொம்பிலும் பிடி போட்ட கத்திகளை விரும்பினர். நம் நாட்டுக் கடமானின் கொம்புகள் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகளுக்குக் கப்பலேறிய காலமும் உண்டு. 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இவ்வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. தோதகத்தி எனப்படும் ஈட்டி மரம் அழகும் உறுதியும் வாய்ந்தது, ஆனால் அரிதாகிவிட்டது. 2017ஆம் ஆண்டு முதல் அவ்வினத்தின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கிறது.

எருமைக் கொம்பு மெருகு ஏற்றால் கண்ணைக் கவரும். ஆனால் அது நகத்தைப் போன்ற பொருள். சூட்டில் இளகும், ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தால் கோணும், பூச்சியும் அரிக்கும். இரும்புப் பிடி ஒடியாது. ஆனால் கனக்கும், வியர்த்த கையில் வழுக்கும். பிளாஸ்டிக் நீரை உறிஞ்சாது. சமையற்கட்டுக்கு அது ஏற்றதே. எனினும் வழவழப்பாக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பிடி, வாழைச்சாறு பட்ட கையில் நில்லாது. உடைந்தால் ஊர்த் தச்சரால் அதைச் சீர்செய்யவும் இயலாது.

அருகிலுள்ள மரமே சிறந்தது

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், உழைப்பவர் கைக்கு மரமே உகந்தது என்பது விளங்கும். அதிர்ச்சியைத் தாங்கும், வெயிலில் இரும்பைப் போலச் சுடாது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கருவேல மரத்தின் வைரம் ஏர்க்கும் வண்டிக்கும் பயன்பட்டு வந்தது. கருவிகளின் பிடிக்கும் அது மிகப் பொருத்தமானது. புளியமரத்தின் வைரம் மிகக் கடினமானது; கொட்டாப்புளிக்கு அதை நாடுவது அதனால்தான். பூவரசு சற்று இலகுவானது. சிறு கத்திகளுக்கு ஏற்றது.

நாம் எல்லோரும் வெறுக்கும் சீமைக் கருவேலையும் இங்கே மறந்துவிடலாகாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மரம் நம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் மூடிக் கிடக்கிறது. விறகுக்கும் கரிக்கும் அன்றி வேறெதற்கும் உதவாது என்று தள்ளிவிடுகிறோம். அதன் வைரப் பகுதியோ கனமும் உறுதியும் உடையது. காயும்போது அதிகம் சுருங்குவதில்லை. கோணல் மரமாயிற்றே என்று சிலர் கேட்கலாம். கதவு நிலைக்குத்தான் நீண்ட நேரான கட்டை வேண்டும். கத்திப் பிடிக்கு ஒரு சாண் நேராக இருந்தால் போதுமல்லவா? முள்ளைக் கழிக்கும்போது மட்டும் கண்ணுக்கும் கைக்கும் காவல் அவசியம்.

அயல்நாட்டு உழவர்களும் இவ்வழியே சென்றிருக்கின்றனர். பிரான்ஸ் நாட்டின் சவாய் மலைப் பகுதியில் 1890ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் உழவருக்காக மடக்குக் கத்தி செய்யத் தொடங்கினார். அக்கத்திகளுக்கு இன்றும் பெரும்பாலும் பீச் என்னும் சாதாரண மரத்தில்தான் பிடி போடுகின்றனர். ஈரம் பட்டால் அப்பிடி ஊதி, கத்தியைத் திறப்பது கடினமாகும். மரத்தின் இந்த இயல்பை நாமும் அறிந்திருக்க வேண்டும்.

பச்சை மரத்தின் தீங்கு

பச்சை மரம் காயும்போது நீளவாட்டில் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. குறுக்குவாட்டிலோ நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சுருங்கும் மரங்கள் உண்டு. உள்ளே புகுந்திருக்கும் அலகின் வால் இரும்பு, அது சுருங்காது. ஆகவே பச்சை மரத்தில் போட்ட பிடி ஒன்று வெடிக்கும். அல்லது பூண் தளர்ந்து ஆடும். ஓங்கி வெட்டும்போது அலகு கழன்று பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டையைப் பிடிக்கு வேண்டிய அளவினும் சற்றுப் பருமனாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்கவேண்டும். முனைகளின் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு உண்டாகிறது. காய்ந்துவிட்டதா என்பதற்குத் தராசே சாட்சி. வாரந்தோறும் நிறுத்து வாருங்கள். பல வாரங்கள் எடை குறையாதிருந்தால் கட்டை காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வைரத்தைச் சுற்றியுள்ள வெண்மையான பகுதியைத் தவிர்ப்பது நலம். அதிலுள்ள மாவுச்சத்தை நாடி வண்டு துளைக்கும், கட்டை உளுத்துப்போகும். மரத்தின் இழை, தறியில் பாவு ஓடுவதுபோல, பிடியின் நெடுக்கே நேராக ஓடவேண்டும். குறுக்கிழை ஓடும் பிடி ஓங்கிய வெட்டில் ஒடிந்துவிடும்.

வடிவமும் பொருத்தமும்

உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். முட்டை வடிவப் பிடி சுழலாது. அலகு எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைப் பாராமலே கை உணரும். வீசி வெட்டும் கருவியானால் பிடியின் கடைமுனை சற்றுப் பருத்திருக்க வேண்டும்; அது கையைவிட்டு நழுவாமல் தடுக்கும். நாடாவில் ஒரு சிறு பிசிர் இருந்தாலும் நூல் அறும் என்பதை நெசவாளர் அறிவர். பிடியிலுள்ள பிசிரும் அவ்வாறே உள்ளங்கையில் கொப்புளம் உண்டாக்கும்.

அரக்கும் செங்கற்பொடியும் கலந்து துளையில் இட்டு, அலகின் வாலைக் காய்ச்சிச் செருகுவது நம் நாட்டின் பழைய முறை. வாயில் ஒரு பூண் அவசியம். அரக்கு சூட்டில் இளகுமாதலால் அத்தகைய கத்தியை அடுப்பருகே வைத்தலும் கொதிநீரில் இடுதலும் கூடா. கடும் வேலைக்குரிய கருவியாயின், பிடியின் கடைசி வரை அலகு நீண்டிருக்க, இருபுறமும் மரம் வைத்துத் தறையாணி அடிப்பதே உறுதி.

பளபளக்கும் வார்னிஷ் வேண்டியதில்லை. ஆளி விதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, மறுபடியும் பூசினால் போதும். தேங்காயெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் காய்ந்து இறுகுவதில்லை, பிசுபிசுப்பே எஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியையோ பஞ்சுக் கழிவையோ சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். நூலும் பாவும் நிறைந்த நெசவாளர் வீட்டில் இதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? பயன்படுத்திய துணியை வெளியே விரித்து உலர்த்துங்கள். அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

சங்கம் செய்யத்தக்கது

பிடி ஒடிந்த அன்று காய்ந்த கட்டை கிடைப்பது அரிது. அவசரத்தில் பச்சைக் கொம்பை வெட்டிச் செருகுகிறோம். அதுவே அடுத்த காயத்துக்கு வித்தாகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டை சேமிப்பது கடினம். சங்கத்துக்கோ கிடங்கு இருக்கிறது, தராசு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளரின் அனுமதியோடு அகற்றப்படும் மரங்களிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கி, ஆண்டைக் குறித்து அடுக்கிவைத்தால், மறு ஆண்டில் அங்கத்தினர் அனைவருக்கும் காய்ந்த கட்டை எப்போதும் கிடைக்கும். ஊர்த் தச்சருக்கும் கொல்லருக்கும் வேலை கிடைக்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரும்போது அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் கத்திகளின் பிடியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு வருவார்களாக. ஆடும் பிடிகள் எத்தனை என்று தெரிந்தால், கிடங்கில் எத்தனை கட்டைகள் அடுக்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.