தாசேக் பேராவில் துடுப்புப் பிடித்த பிள்ளைகள்

“தண்ணிப் பக்கம் போகாதே!” நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வளரும் வார்த்தை இது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அருவிக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்ற செய்தியை வானொலியில் நானே வாசித்திருக்கிறேன்.

ஆனால், விலக்கி வைத்த பிள்ளையும் என்றாவது ஒருநாள் நண்பர்களோடு தண்ணீரில் இறங்கத்தான் போகிறது. அன்று அதற்கு என்ன தெரிந்திருக்கும்? இந்தக் கேள்வியோடுதான் 14 இளையோருடன் பகாங்கிலுள்ள தாசேக் பேராவுக்குப் போனேன். அவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி இது. 1994-இல் நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏரி என்றதும் பரந்து விரிந்த நீர்ப்பரப்பைக் கற்பனை செய்ய வேண்டாம். ரசாவ் எனப்படும் தாழைப் புதர்களுக்கும் சதுப்புக் காட்டுக்கும் நடுவே கிளை கிளையாகப் பிரியும் நீர்வழிகள். தேநீர் நிறத்தில் தண்ணீர். இரண்டு வளைவு திரும்பினால் வந்த வழி எதுவென்று தெரியாது. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் செமலாய் பூர்வக்குடியைச் சேர்ந்த ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார்.

முதல் நாள் காலையில் பயணமே இல்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கமாக மாட்டிக்கொண்டு, கரையோரத்தில் கேனுவை வேண்டுமென்றே கவிழ்க்க வேண்டும். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தக்கூடாது. மிதக்கும் கேனுவைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும். முதல்முறை அழுதுகொண்டே விழுந்த 15 வயதுப் பெண், மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே விழுந்தாள்.

பிறகுதான் துடுப்பு. முன்னால் இருப்பவர் வேகத்தைத் தருவார். பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார். ஒரே கேனுவில் ஏறிய அண்ணனும் தம்பியும் யார் சொல்வதை யார் கேட்பது என்று சண்டை போட்டதில், அரை மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்றினார்கள். சண்டை ஓய்ந்த பிறகே கேனு நேராகப் போனது.

பிற்பகலில் வழிகாட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரையும் கரையேறச் சொன்னார். முகாமுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். “போய்விடலாம் அங்கிள்” என்று பையன்கள் கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை. சற்று நேரத்தில் இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. நனைந்தபடி கரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் விழுந்து கிடந்த மரம் வழியை மறித்தது. இடுப்பளவுச் சேற்றில் இறங்கிக் கேனுக்களைத் தூக்கிக் கடத்தினோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஆனாலும், அடுத்த பயணம் எப்போது என்று முதலில் கேட்டது நீச்சல் தெரியாத கூட்டம்தான். திரும்பி வந்ததும் நீச்சல் வகுப்பில் சேரப் போவதாகவும் சொன்னார்கள்.

உங்கள் பிள்ளை இப்படியொரு பயணத்துக்கு அனுமதி கேட்டால், உடனே மறுத்துவிடாதீர்கள். ஏற்பாட்டாளர்களிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா? கேனு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று முதலில் பயிற்சி தருவார்களா? வானிலை மாறினால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்.