மாவா, ரவையா? கோடையில் பன்றிகளின் வயிற்றைக் காக்கும் அரவைப் பக்குவம்!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நமக்கே சோறு இறங்காது. மோர், தண்ணீர் என்று பொழுதை ஓட்டிவிடுவோம். கொட்டிலில் வளரும் வெண்பன்றிகளுக்கும் இதே நிலைதான். காலையில் கொட்டிய தீவனம் மதியம் வரை தொட்டியிலேயே கிடக்கும். 'தின்பதே கொஞ்சம், அதுவாவது முழுசாகச் செரிக்கட்டும்' என்று மக்காச்சோளத்தை இன்னும் நைஸாக அரைத்துப் போடத் தோன்றும். எண்ணம் நல்லதுதான். ஆனால், கோடையில் அதுவே பன்றியின் வயிற்றைப் புண்ணாக்கிவிடலாம்.

பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்குத்தான். அதனால், அரவை மில்லில் எடுக்கும் முடிவு பண்ணையின் லாப நஷ்டத்தையே மாற்றும்.

ஏன் அரைக்க வேண்டும்?

மாடு அசைபோட்டு மென்று தின்னும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. நம்மைப் போலவே ஒரே அறை கொண்ட வயிறு. அவசர அவசரமாக விழுங்கும் பழக்கம் வேறு. சோளம், கம்பு போன்ற தானியங்களை முழுதாகப் போட்டால், ஒரு பகுதி அப்படியே சாணத்தில் வந்துவிடும்.

அரைக்கும்போது தானியத்தின் மேல்தோல் உடைகிறது. துகள் சிறிதாகச் சிறிதாக, செரிமான நொதிகள் வேலை செய்ய அதிக இடம் கிடைக்கிறது. துகளின் சராசரி அளவு 100 மைக்ரான் குறைந்தால், தீவனம் உடல் எடையாக மாறும் திறன் சுமார் 1 சதவிகிதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. (1,000 மைக்ரான் என்பது 1 மில்லிமீட்டர்.)

நைஸாக அரைத்தால் என்ன ஆகும்?

உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில், அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இல்லாத ஒரு சிறு பகுதி இருக்கிறது. கொரகொரப்பான தீவனம் வயிற்றில் ஓரளவு கெட்டியாக நிற்பதால், அமிலம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலேயே தங்கும். மாவாக அரைத்த தீவனமோ கூழாக இளகிவிடும். அமிலம் கலங்கி மேலே வரை வந்து அந்த மென்மையான இடத்தை அரிக்கும். அதுதான் வயிற்றுப்புண்.

உடல் வெளிறிப்போவது, தீவனம் எடுக்காமல் இருப்பது, பல்லை நறநறவெனக் கடிப்பது, சாணம் தார் போலக் கறுத்துப்போவது ஆகியவை இதன் அறிகுறிகள். உள்ளே ரத்தம் கசிந்து, நன்றாக இருந்த பன்றி திடீரென்று இறந்துபோவதும் உண்டு.

வெயில் சேரும்போது...

பன்றிக்கு வியர்த்துக் கொட்டி உடல் குளிராது. அதற்கான வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. மூச்சிரைப்பதும் ஈரத்தில் புரள்வதும்தான் வழி. வளரும் பன்றிக்கு 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சௌகரியம். நம் ஊர்க் கோடையில் 40 டிகிரி சாதாரணம்.

உடல் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோல் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைய, குடலின் உள்சுவர் பலவீனமாகி, கிருமிகளின் நச்சுகள் உள்ளே கசிய இடம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, பகலெல்லாம் பட்டினி கிடந்து, பொழுது சாய்ந்ததும் மொத்தமாக விழுங்கும். காலி வயிற்றில் அமிலம், அதன்மேல் மாவுத் தீவனம். புண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரவைப் பதமே சரி!

தானியத் துகள் சராசரியாக 600 முதல் 700 மைக்ரான் வரை இருப்பது பாதுகாப்பான அளவு. சமையலறைக் கணக்கில் சொன்னால், உப்புமா ரவைப் பதம். விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும். முகப்பவுடர் போல ஒட்டக் கூடாது. சாணத்தில் முழுத் தானியம் தெரிந்தால் அரவை போதவில்லை என்று பொருள். சல்லடை கிழிந்தாலும் சுத்தியல்கள் தேய்ந்தாலும் அரவை ஒரே சீராக வராது. எனவே, இரண்டையும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

கோடைக்குச் சில வழிகள்

* விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் வையுங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள்.

* தவிடு போன்ற நார்ச்சத்துத் தீவனம் செரிக்கும்போது உடல் சூடு கூடும். கோடையில் அதைக் குறைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்க்கலாம். தேவைக்கு மேல் புண்ணாக்கும் வேண்டாம். எந்த மாற்றத்தையும் சில நாள்களில் படிப்படியாகச் செய்யுங்கள்.

* தண்ணீர்த் தொட்டியும் குழாயும் நிழலில் இருக்கட்டும். கொதிக்கும் தண்ணீரைப் பன்றி குடிக்காது. தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும்.

* நனைத்த தீவனம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். மீந்ததை அகற்றிவிடுங்கள்.

* மதிய வேளையில் தண்ணீர் தெளித்து, காற்றோட்டமும் கொடுங்கள். காற்று இல்லாமல் தெளித்தால் புழுக்கம்தான் மிஞ்சும்.

* பால் கொடுக்கும் தாய்ப்பன்றிக்கு முதல் கவனம். அது தின்பது குறைந்தால் பால் குறையும், குட்டிகள் மெலியும். பிறந்த குட்டிகளுக்கோ 32 டிகிரி வரை கதகதப்பு தேவை. எனவே, தாய்க்குத் தெளிக்கும் தண்ணீர் குட்டிகள்மேல் படக் கூடாது.

கறுத்த சாணத்தையோ வெளிறிய உடலையோ பார்த்தால், கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தீவனக் கலவை பற்றிய சந்தேகங்களுக்கு, சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

அடுத்த முறை மில்லுக்குப் போகும்போது, மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ரவையாக இருந்தால் வண்டியில் ஏற்றலாம். மாவாக இருந்தால் சல்லடையை மாற்றச் சொல்லுங்கள்.