தவணை தவணையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருப்பதோ 35 ஆயிரம் ரூபாய்தான். என்ன செய்யலாம்? கடைகளில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, மாதத் தவணையில் 70 ஆயிரம் ரூபாய் லேப்டாப். இன்னொன்று, கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் வைத்த மலிவான "கேமிங் பிசி". மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. இருக்கும் பணத்தில் அடக்கமான ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொண்டு, பணம் சேரச் சேர அதையே கேமிங் கம்ப்யூட்டராக வளர்ப்பது.

என் அக்கா மகன் 2023-ல் கல்லூரியில் சேர்ந்தபோது இந்த வழியில்தான் அவனுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். அக்கா சீட்டு எடுத்த பணம் அது. அந்தக் கணக்கையே உதாரணமாக வைத்து இங்கே விளக்குகிறேன். விலைகள் எல்லாம் அப்போதைய விலைகள். நீங்கள் வாங்கும் நாளில் வேறாக இருக்கும். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது என்ற வரிசையை மட்டும் கவனியுங்கள்.

இந்த வழிக்கு ஒரே ஒரு விதிதான். எந்தத் தவணையோடு நின்றுபோனாலும் அது வேலை செய்யும் முழுக் கம்ப்யூட்டராக இருக்க வேண்டும். அடுத்த தவணைப் பணம் சொன்ன தேதிக்கு வரும் என்று எந்தக் குடும்பத்திலும் உறுதி சொல்ல முடியாது அல்லவா?

முதலில் மானிட்டரைப் பாருங்கள்

எந்த கேம், எந்த மானிட்டரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1920 x 1080 மானிட்டரில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 2560 x 1440 என்றால் சுமார் 36.9 லட்சம். 4கே மானிட்டர் என்றால் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு வேலை. பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு 1920 x 1080 போதும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அது காட்டப்போவதில்லை. 150 ஃபிரேம் தரும் கார்டுக்காக இப்போதே அலைய வேண்டாம்.

எங்கள் பையனுக்கு வீட்டிலேயே ஒரு 1080 மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருந்தன. எனவே முழுப் பணமும் பெட்டிக்குள் போயிற்று.

தங்கும் பாகங்கள், மாறும் பாகங்கள்

கம்ப்யூட்டரின் பாகங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் மூன்றும் பல ஆண்டுகள் தங்க வேண்டியவை. இவற்றை மாற்றுவது என்றால் பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும். மதர்போர்டை மாற்றினால் சில சமயம் பிராசசர், ராம் எல்லாமே கூட மாறும். பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு ஆகியவை கழற்றி மாட்டக்கூடியவை. இவற்றைச் சிறியதில் ஆரம்பிக்கலாம்.

2023-ல் எங்கள் கணக்கு ஏறத்தாழ இப்படி இருந்தது. மதர்போர்டு 9,000, எஸ்.எம்.பி.எஸ். 4,500, கேபினட் 3,000, பிராசசர் 11,500, ராம் 3,500, எஸ்.எஸ்.டி. 2,700. மொத்தம் 34,200 ரூபாய். இதில் 16,500 ரூபாய், அதாவது கிட்டத்தட்ட பாதிப் பணம், கேமின் வேகத்தில் ஒரு ஃபிரேமைக் கூட கூட்டாத பாகங்களுக்குப் போனது. "மாமா, இதைக் குறைச்சுட்டு ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு போட்டுடலாமே?" என்று பையன் கேட்டான். ஏன் கூடாது என்பதைப் பார்ப்போம்.

மதர்போர்டு: சாக்கெட்டின் ஆயுள்

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். அந்த சாக்கெட்டுக்குப் பிறகு எத்தனை தலைமுறை பிராசசர்கள் வரும் என்பதே அப்கிரேடுக்கு உயிர்நாடி. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-ல் முதல் ரைசன் பிராசசர்கள் வந்தன. அதே சாக்கெட்டுக்கு 2022-ல் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. 2024-ல் 5700எக்ஸ்3டி வந்தது. இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 2021-ல் தொடங்கி 12, 13, 14 என்று மூன்று தலைமுறைகளை ஏற்றது. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு எல்.ஜி.ஏ. 1851 என்ற வேறு சாக்கெட் தேவைப்பட்டது.

எங்கள் பையனுக்கு ஏ.எம்.4 சாக்கெட் உள்ள பி550 போர்டு எடுத்தோம். இப்போது புதிதாகத் திட்டமிடுபவர்கள் 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டையும் விசாரியுங்கள். அதற்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. ஆனால் ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே பொருந்தும். பழைய டி.டி.ஆர்.4 ராம் கைவசம் இருந்தாலும் அதில் மாட்ட முடியாது.

இன்னொன்று, சாக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. போர்டின் பயாஸ் அந்தப் பிராசசரை அறிந்திருக்க வேண்டும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலும், எந்த பயாஸ் பதிப்பு தேவை என்பதும் இருக்கும். வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.: வாட் கணக்கு

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி கிராபிக்ஸ் கார்டு போடாதீர்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை அது உண்மையிலேயே தருமா என்பது சந்தேகம். அது பழுதாகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். எடுத்தோம்.

கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட். எனவே இன்று கார்டு வாங்காவிட்டாலும், 8 பின் வயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

யு.பி.எஸ். பற்றியும் சொல்ல வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பிராசசருக்கு 88, கார்டுக்கு 132, மற்ற பாகங்களுக்கு 50 என்று வைத்தால் 270 வாட். எஸ்.எம்.பி.எஸ். சுமார் 85 சதவீதத் திறனுடன் இயங்கினால் அது எடுப்பது 320 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மானிட்டரையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிடும். கார்டு போடும் தவணையில் பெரிய யு.பி.எஸ்.ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

முதல் தவணை: கார்டு இல்லாமல் கேம்

கிராபிக்ஸ் வசதி உள்ளேயே இருக்கும் பிராசசர்களும் உண்டு. ஏ.எம்.4-ல் ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது, ஏ.எம்.5-ல் ரைசன் 5 8600ஜி. நாங்கள் 5600ஜி எடுத்தோம். வாலரன்ட் போன்ற இலகுவான கேம்கள் 1920 x 1080-ல் தாராளமாக ஓடின. ஜி.டி.ஏ. 5 போன்றவற்றை செட்டிங்கைக் குறைத்து விளையாடினான். பெரிய புதிய கேம்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

இங்கே ராமில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பிராசசரின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். டி.டி.ஆர்.4 3200 ராம் ஒன்று மட்டும் போட்டால் நொடிக்கு 25.6 ஜி.பி. வேகத்தில் தகவல் போகும். இரண்டாகப் போட்டால் 51.2 ஜி.பி. எனவே 16 ஜி.பி. ஒரே ராமாக வாங்காமல், 8 ஜி.பி. ராம் இரண்டாக வாங்கி, போர்டு புத்தகத்தில் சொல்லியுள்ள ஸ்லாட்டுகளில் மாட்டுங்கள். கேமின் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிறகு கூட்டுவதற்கும் இடம் இருக்கும்.

எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. போதும். பெரிய கேம்கள் சில 100 ஜி.பி.யைத் தாண்டுவதால் ஒரே சமயத்தில் நிறைய வைத்துக்கொள்ள முடியாது. விளையாடி முடித்ததை நீக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் தவணை: கிராபிக்ஸ் கார்டு

இதை 2024 தொடக்கத்தில் வாங்குவதாகத் திட்டம். அக்கா வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் வந்தது. அவன் பகுதி நேர வேலையில் சேர்த்த பணமும் அதற்கே போனது. திட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அந்த ஒரு வருஷமும் கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. கல்லூரி புராஜக்ட், ஆன்லைன் வகுப்பு, ராத்திரி சின்ன கேம் என்று ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் மாதத் தவணை பாக்கி இல்லை. லேப்டாப்பைத் தவணையில் எடுத்திருந்தால் ஆபரேஷன் நடந்த மாதமும் தவணை கட்டியிருக்க வேண்டும். மேலே சொன்ன விதியின் அருமை அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

2025 தொடக்கத்தில் சுமார் 20 ஆயிரம் ரூபாய்க்கு 8 ஜி.பி. மெமரி உள்ள ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டு வாங்கினான். இதன் சொந்த மெமரி நொடிக்கு 224 ஜி.பி. வேகம் கொண்டது. முன்பு ராமிலிருந்து கிடைத்த 51.2 ஜி.பி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டு தேவைப்படுவது 132 வாட், எஸ்.எம்.பி.எஸ்., போர்டு, கேபினட் எதையும் மாற்றவில்லை. செருகி, 8 பின் வயரை மாட்டி, மானிட்டர் கேபிளைக் கார்டின் பின்புறம் இணைத்து, டிரைவர் போட்டதோடு வேலை முடிந்தது.

கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: கேபினட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் நீளம் பிடிக்கும் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கார்டு எத்தனை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதைகளைப் பயன்படுத்துகிறது என்று கேளுங்கள். 2022-ல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டுக்கு நான்கு பாதைகள்தான். 5600ஜி பிராசசர் பழைய 3.0 வேகத்தையே தரும் என்பதால் அந்தக் கார்டு இதில் வெகுவாக மந்தமாகும். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் பில், வாரண்டி பாக்கி இரண்டையும் பார்த்து, உங்கள் கண்ணெதிரே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் தவணை: எதை மாற்றுவது?

இதை மெஷினே சொல்லும். கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஜி.பி.யு. 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டுதான் தடை. ஜி.பி.யு. 60 சதவீதத்தில் நின்றும் கேம் திக்கினால் பெரும்பாலும் பிராசசர்தான் தடை. மெமரி நிரம்பி வழிந்தால் ராம் கூட்டுங்கள். 5600ஜி-யில் எல்3 கேஷ் 16 எம்.பி.; அதே சாக்கெட்டில் பொருந்தும் 5700எக்ஸ்3டி-யில் 96 எம்.பி. தேவை வந்தால் அந்த வகைக்குப் போகலாம் என்று வைத்திருக்கிறோம். இன்னும் தேவை வரவில்லை.

தள்ளிப்போடுவதால் எப்போதும் லாபம் என்றும் சொல்ல முடியாது. 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாங்கிக் குவித்ததே முக்கியக் காரணம். அதற்காக அடுத்த வருஷத்துக்கு வேண்டியதை இப்போதே வாங்கி அலமாரியில் வைக்கவும் வேண்டாம். வாரண்டி நாள் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய வேலைக்குப் போதுமானதை முதல் தவணையிலேயே வாங்கிவிட்டால் விலை ஏறினாலும் காத்திருக்கலாம்.

"ஐ7 கேமிங் பிசி" என்றால் கவனம்

ஒரு கடையில் எங்களுக்கு "ஐ7, 16 ஜி.பி., கேமிங் பிசி" என்று 20 ஆயிரத்துக்கும் குறைவாகக் காட்டினார்கள். எந்த ஐ7 என்று கேட்டதும் 2600 என்று பதில் வந்தது. அது 2011-ல் வந்த பிராசசர். விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இன்டெல்லின் 8-ம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வாலரன்ட் கேமும் விண்டோஸ் 11-ல் ஓட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கிறது. அந்த சாக்கெட்டுக்கு இனி புதிய பிராசசரும் வராது. எனவே "ஐ7" என்ற பெயரில் மயங்காமல், முழு மாடல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர் கடைக்கோ போகும் முன் ஒரு தாளில் மூன்று தவணைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண், வாட், சாக்கெட், ராம் வகை ஆகியவற்றைக் குறியுங்கள். இரண்டு, மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் தவணையில் கலர் லைட் இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. அதை எந்தத் தவணையிலும் சேர்த்துக்கொள்ளலாம்.