தோட்டத்து வீடு – 9: சொட்டும் இடமும் நுழையும் இடமும்

லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் முதலில் வாளி வரும். மழை விட்டதும் தார் டின் வரும். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஏறித் தாரை அப்பிவிட்டு இறங்கிவிடுவார்கள். அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டும். தகரம் பழசு, இனி என்ன செய்தாலும் நிற்காது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு பெரும்பாலும் தவறு. தண்ணீர் நுழையும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. நுழைந்த நீர் தகரத்தின் அடிப்புறத்தை ஒட்டியே சரிவில் இறங்கி, குறுக்குச் சட்டத்தில் தட்டி, சட்டம் தொய்ந்திருக்கும் பக்கமாக ஓடி, எங்கோ ஓர் ஆணி நுனியில் வந்து விழுகிறது. மலேசியாவின் சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களின் பழைய லயங்களில் ஒரே கூரைதான் பல வீடுகளையும் மூடியிருக்கிறது. சட்டங்களும் வீடு தாண்டி நீள்கின்றன. பக்கத்து வீட்டுக்கு மேலே நுழைந்த நீர் உங்கள் வீட்டுச் சாமி படத்தை நனைக்கலாம். ஆகவே ஒழுகலைத் தேடுவது ஒரு வீட்டு வேலையன்று, ஒரு வரிசையின் வேலை.

எங்கே தேடுவது? முதலில் ஆணிகளில். 3 மீட்டர் இரும்புத் தகரம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். சாயங்கால மழை பட்டதும் சுருங்கும். நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் ஆணித்துளை அகலும், ரப்பர் வாஷர் வெடிக்கும். தகர நெளிவின் மேட்டில் அடித்த ஆணி தளர்ந்தாலும் நீர் அதை விட்டு விலகித்தான் ஓடும். பள்ளத்தில் அடித்திருந்தால் ஓடும் நீர் முழுவதும் அந்தத் துளையைக் கடந்தாக வேண்டும். அடுத்தது தகரம் தகரத்தோடு சேரும் ஓரம். மலாக்கா நீரிணையிலிருந்து விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்று மழையைப் படுக்கையாக அடிக்கும். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் மேற்குப் பார்த்துத் திறந்திருக்கும் ஓரங்கள் அந்த மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். சாதாரண மழையில் ஒழுகாத வீடு காற்று மழையில் மட்டும் ஒழுகினால், சந்தேகம் இந்த ஓரத்தின் மேல்தான்.

தார் மலிவு, உடனே நிற்கிறதே என்பார்கள். சரியான துளையில் அப்பினாலும் நிற்பது சில வாரம். வெயிலில் காய்ந்த தார் தகரத்தோடு சேர்ந்து நீளாது, வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அடியிலேயே தங்கித் தகரத்தைத் தின்னும். பழைய பாய்மரப் படகுகளிலும் இதே கதைதான்: மேல்தளத்துத் திருகாணி வழியே இறங்கும் மழை, தளத்துக்கும் உள்கூரைக்கும் நடுவே ஊர்ந்து தூரத்துப் படுக்கையில் சொட்டும். விவரம் தெரிந்தவர்கள் சுற்றிப் பசை தடவுவதில்லை. திருகாணியைக் கழற்றி, துளையைக் காயவிட்டு, புதிதாகப் பசை வைத்து முடுக்குகிறார்கள். கூரைக்கும் அதுவே முறை. புதுத் தகரம் போட்டால் தீராதா என்றால், உளுத்த சட்டத்தில் மறுபடியும் பள்ளத்தில் ஆணி அடித்தால் புதுத் தகரமும் ஒழுகும்.

வெயில் நாளில் உள்ளே இருட்டாக்கி அண்ணாந்து பாருங்கள். ஊசித்துளைகள் வெளிச்சமாகத் தெரியும். பிறகு ஒருவர் ஏணியில் நின்று ரப்பர் குழாயால் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து முகடு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது ஓட்டை என்று தெரியாமல் குழப்பிவிடும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஏறாதீர்கள், துளையிடாதீர்கள்.

நிர்வாகத்தின் வீட்டை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. தொழிலாளர் வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. செலவு அவர்களுடையதுதான். ஆனால் ‘வீடு ஒழுகுது’ என்ற புகாருக்கு ஒரு டின் தார்தான் வரும். எந்த வரிசை, எந்தக் குறுக்குச் சட்டம், எத்தனை ஆணி என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம். அக்டோபர் மழைக்கு முன் உங்கள் வரிசை வீட்டார் ஒன்றுகூடிப் பார்த்து, எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு ஆபீசில் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.