வளைவில் தேயும் வண்ணம்

நெய்யாறு அணைக்கு அருகிலுள்ள கள்ளிக்காட்டில், மோட்டார் வண்டிகளைக் கழுவி மெருகிடும் கொட்டகையொன்றில் என் தமக்கையின் மகன் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் ஒரு நாள், "மாமா, ஒரு வண்டியின் பெயிண்டை எரித்துவிட்டேன், சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்" என்று கூறிக் கண் கலங்கினான். எரிந்த இடம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே. பழைய அம்பாசிடர் காரின் முன்விளக்குக்கு மேலே மட்கார்டு வளைந்து இறங்கும் முகடு அது.

இரயில்வேயில் எழுத்தராகிய எனக்கு இத்தொழில் புதிது. ஆயினும் பிள்ளையின் பிழை யாதென அறிய விரும்பி, கைதேர்ந்தவர்களைக் கேட்டும் பக்கத்தில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். நம் குடும்பத்துப் பிள்ளைகள் இவ்வேலைக்குச் செல்வதால் இது பயன்படக்கூடும்.

மெருகிடுதல் என்பது எதையும் புதிதாகப் பூசுவதன்று. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைப்பதேயாம். இக்காலத்துக் காரின் பூச்சு அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனமே உடையது. 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் 1 மில்லிமீட்டர். மேலே உள்ள நிறமற்ற அடுக்கோ 50 மைக்ரான் அளவினதே. முகடுகளில் பூச்சு இன்னும் மெலிந்திருப்பது வழக்கம். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த நிறமற்ற அடுக்கும் இல்லை. தேய்த்தால் வண்ணமே பஞ்சில் ஏறிவிடும்.

சமதளத்தில் மெஷினின் பஞ்சு முழுவதும் படிவதால் அழுத்தம் பரவி நிற்கிறது. முகட்டிலோ அதே பஞ்சு ஒரு விரலகலத்தையே தொடுகிறது. கையின் பாரமும் உராய்வின் சூடும் அவ்விடத்தில் குவிகின்றன. உட்குழிவில் பஞ்சின் விளிம்பு மட்டும் குத்தி, நடுப்பகுதி தொடாது நின்றுவிடும்.

மெஷின்களும் இருவகை. நிலையான அச்சில் சுழல்வது விரைவாகத் தேய்க்கும். விரைவாகச் சூடேற்றவும் செய்யும். சுழன்றுகொண்டே விலகி வட்டமிடும் மற்றொன்று, மிகுதியாக அழுத்தினால் சுழற்சி தளர்ந்துவிடும். ஆதலின் பழகுபவனுக்குப் பின்னதே நல்லது. என் மருமகன் கையில் கொடுக்கப்பட்டதோ முன்னது. அதில் பூட்டியிருந்ததும் 7 அங்குலப் பஞ்சு.

வளைவுகளுக்குரிய முறை கடினமன்று. முகடுகளின்மேல் முதலில் காகித டேப் ஒட்ட வேண்டும். 3 அங்குலம் அல்லது அதனினும் சிறிய மென்பஞ்சைப் பூட்டி, வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். பஞ்சு விளிம்பை நோக்கி ஏறாமல், விளிம்பைவிட்டு வெளியே ஓடுமாறு சுழலட்டும். அடிக்கடி நிறுத்தி, புறங்கையால் தகட்டின் சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டேப்பை எடுத்தபின் முகட்டையும், கதவுக் கைப்பிடியின் குழிவையும் கையால் துணிகொண்டு தேய்ப்பதே முறை.

இவற்றைக் கற்க, பழைய தகடொன்றும் அரை நாளும் போதும். அந்த அரை நாளை முதலாளிகள் முன்னரே அளித்திருந்தால், ஓர் ஏழைப் பிள்ளையின் பாதிச் சம்பளம் அவன் வீட்டிற்கு வந்து சேர்ந்திருக்கும். வேலைக்கு அனுப்பும் பெற்றோரே, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, யார் கற்றுத் தருவார் என்றும் கேளுங்கள்.

மருமகன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். வண்டி வந்ததும் அவன் கை மெஷினுக்குப் போவதில்லை. டேப் சுருளுக்கே போகிறது.